டோனுக்குத் தீனி

வாக்கி டாக்கியில் டோன் என்று ஒன்று உண்டு. அதைப் பூட்டு என்று நினைக்கிறவர்கள்தான் அதிகம். "டோன் போட்டுட்டோம்ல, இனி நாம பேசறது வேற எவனுக்கும் கேக்காது" என்பார்கள். படித்தவர்களே சொல்வார்கள். தப்பு. டோன் பூட்டு இல்லை, பஞ்சு. அடுத்தவன் வாயை அது அடைக்காது, நம் காதைத்தான் அடைக்கும்.

ஒவ்வொரு குரலுக்கு அடியிலும் காதுக்குப் பிடிபடாத ஒரு முனகலைச் சேர்த்து அனுப்புவார்கள். ஒரு குழுவுக்கு ஒரு முனகல். தனக்கான முனகல் வந்தால்தான் செட் வாயைத் திறக்கும். வேறு முனகலோடு வருகிறவன் கத்தினாலும், அழுதாலும், செத்தாலும் செட் சும்மா இருக்கும். குரல் வந்து சேர்ந்திருக்கும், ஸ்பீக்கர் திறக்காது. அவ்வளவுதான் விஷயம்.

என் மாமா டில்லிபாபு இந்த அவ்வளவுதானில்தான் செத்தார்.

நகரத்துக்கு அடியில், ஏரியிலிருந்து கடல் வரைக்கும் ஒரு வெள்ளச் சுரங்கம் ஓடுகிறது. மழைக்காலத்துக்கு முன்னால் அதில் படிந்த சேற்றை அள்ள வேண்டும். அதற்கு இயந்திரம் இருக்கிறது. இயந்திரம் சிக்கிக்கொள்ளும் இடங்களுக்கு எங்கள் வியாசர்பாடி ஆட்கள் இருக்கிறார்கள். மூன்று வருடத்துக்கு முன்னால் மாமாவும் கூட இரண்டு பேரும் உள்ளே இருந்தபோது ஏரிப் பக்கத்துக் கேட்டைத் திறந்துவிட்டார்கள். விசாரணை நடந்தது. முடிவு இரண்டே வரி. வெளியேறச் சொல்லி அறிவித்தும் அவர்கள் வெளியேறவில்லை. அவர்களிடமிருந்து கட்டுப்பாட்டு அறைக்கு எந்த அழைப்பும் வரவில்லை.

"குடிச்சிட்டுப் படுத்திருப்பானுங்க" என்று டிவியில் ஒருத்தர் சொன்னார். மாமா குடிக்க மாட்டார். அதை யாரிடம் போய்ச் சொல்ல? குடித்திருந்தால் மட்டும் சாகலாமா?

நான் நிறைமதி. அந்தச் சுரங்கத்துக்கு வாக்கி டாக்கி செட் கொடுக்கும் கம்பெனியில் புரோகிராம் போடுகிறவள். வேலை கேட்கும்போது மாமா பேரை நான் சொல்லவில்லை. அவர்களும் கேட்கவில்லை. இந்த மாதிரி விஷயங்களில் அவர்களுக்கு ஆர்வம் இருப்பதில்லை.

மூன்று வருடம் மூடிக் கிடந்த சுரங்கத்தை இந்த மழைக்குத் திறக்கிறார்கள். அதற்கு முந்தின நாள் இறங்குகுழியின் வாயில் உட்கார்ந்து, கையில் பிடிக்கும் ஸ்கேனரை வைத்து லைனைச் சோதித்துக்கொண்டிருந்தேன். கேட்காமலே எந்த டோன் போகிறது என்று மட்டும் பார்க்கும் வசதி அதில் உண்டு. உள்ளே ஒரு ஈ காக்கை இல்லை. ஆனால் சின்னப் பச்சை விளக்கு மின்னியது. திரையில் நாலு. அணைந்தது. மறுபடி நாலு. நாலு. நாலு. நடுவில் ஒரே ஒரு தடவை ஒன்று. மறுபடி நாலு.

நாலாம் டோன் சேறு அள்ளுகிறவர்களுடையது.

முதலில் ஸ்கேனரில் கோளாறு என்று நினைத்து பேட்டரியைக் கழற்றி மாட்டினேன். மறுபடியும் அதே வரிசை. பிறகுதான் ரிலே பெட்டிகளின் ஞாபகம் வந்தது. சுரங்கம் நெடுக வளையமாக இணைத்த பெட்டிகள் அவை. வடிவமைத்தது யாரோ ஒரு நல்ல ஆத்மா. யாரும் எடுக்காத அழைப்பு தொலைந்துபோகக் கூடாது என்று ஒரு விதி எழுதி வைத்திருக்கிறார். ஏதாவது ஒரு செட் வாயைத் திறந்து வாங்கிக்கொள்ளும் வரைக்கும், ஒரு பெட்டி அடுத்த பெட்டிக்கு அதைத் தள்ளிக்கொண்டே இருக்கும். பேசியவனின் குழுவுக்கு அது நேரடியாகவே கேட்டிருக்கும் என்பதால், அதே டோன் செட்டுகளுக்கு மட்டும் பெட்டி அதைத் திருப்பித் தராது. வேறு செட் வாங்கியதும் அழிந்துவிடும். யாருமே வாங்காவிட்டால் எத்தனை நாள் சுற்ற வேண்டும் என்று அவர் எழுதவில்லை. அப்படி ஒன்று நடக்கும் என்று அவருக்குத் தோன்றியிருக்காது.

மூன்று வருடமாக மாமா என் காலுக்குக் கீழே சுற்றிக்கொண்டிருக்கிறார்.

ஸ்கேனரில் ஒரு பட்டனை அமுக்கினால் குரல் வரும். கட்டைவிரலை அதன் மேல் வைத்தேன். வைத்தபடியே வெகுநேரம் இருந்தேன். அப்புறம் எடுத்துவிட்டேன்.

குழிக்குப் பக்கத்து டீக்கடையில் எத்திராஜ் பெரிப்பா உட்கார்ந்திருந்தார். மாமாவின் கூட்டாளி. அன்றைக்குக் காய்ச்சல் என்று இறங்காததால் உயிரோடு இருப்பவர். மறுநாள் முதல் ஆளாக இறங்கப்போகிறவரும் அவர்தான்.

"இன்னா இன்ஜினியரு, மூஞ்சி பேயறஞ்ச மாதிரி கீது?"

"அப்படிக் கூப்பிடாதீங்க பெரிப்பா."

"ஏன், டில்லிக்குத்தான் அந்த பாத்தியதையா?"

விளக்கு மின்னுவதைச் சொன்னேன். அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். எடுத்தார். குடிக்காமல் மறுபடி வைத்தார்.

"கேட்டுட்டியா?"

"இல்ல. நான் கேட்டா அதோட போயிடும். ஒருதடவதான்."

"ரெக்கார்டு பண்ணிக்கயேன்."

"பண்ணலாம். நான் பண்ணதை எவன் நம்புவான்? செத்தவங்க குரல்ல பொறந்தநாள் வாழ்த்தே செஞ்சு விக்கிறாங்க இப்ப. நீயே செஞ்சதுன்னுவாங்க. கண்ட்ரோல் ரூம் செட்டு திறக்கணும். அவங்க மெஷின்லயே பதிவாகணும். அப்பத்தான் அழைப்பே வரலன்னு சொன்ன வாயை மூட முடியும்."

"அதுல என் கொரலு இருக்காதில்ல?" என்றார். கொஞ்சம் கழித்து, "இருந்திருக்கணும்" என்றார்.

பேச்சை மாற்றுவதற்காக, டோன் திறக்க ஒரு கணம் ஆகும், அதில் முதல் வார்த்தை அடிபட்டுப் போகும், அதனால் நாளைக்கு நிதானமாகப் பேசுங்கள் என்றேன். அவர் சிரித்துவிட்டார்.

"அத்த எங்களுக்கு நீ சொல்றியா? தண்ணி வருதுன்னா, வருதுன்னு மட்டும் கேக்கும். இன்னா வருது? டீயா? அதுக்குத்தான் தீனி போடுறது."

"தீனியா?"

"டோனுக்குத் தீனி. பட்டன அமுக்கனதும் ஒரு சும்மா வார்த்த. அத்த அது துன்னுடும். அப்பால விசயத்தச் சொல்லணும். ஆளுக்கு ஒரு வார்த்த. கன்னியப்பன் பிரியாணின்னுவான். நான் சுண்டல்னு சொல்லிக்கினு இருந்தேன். போன ஞாயித்துக்கெழம பேத்திக்குப் பேரு வெச்சோமா, ஏகவல்லி. நாளையிலேர்ந்து அதான் நமக்கு."

"பேத்தி பேரைப் போய் டோனுக்குப் போடுவீங்களா?"

"துன்னுட்டுப் போவுது. கொயந்த பேரச் சொல்லி ஆரம்பிச்சா நல்லதுதானே."

"மாமாவோட வார்த்தை என்ன?"

"அது மட்டும் யாருக்கும் தெரியாது. மாஸ்க்குக்குள்ள முணுமுணுப்பான். கேட்டா, அது எனக்கும் டோனுக்கும் உள்ள சமாச்சாரம், உனக்கு இன்னாத்துக்குன்னுவான்." கிளாஸில் ஆடை படிந்த டீயைக் கீழே ஊற்றினார். "நாளைக்கு அவனுங்க காதுல உழுற மாதிரி செஞ்சுடு பாப்பா."

கட்டுப்பாட்டு அறை நல்ல குளிராக இருந்தது. அதன் தலைவர் சபேசன் சார் கெட்டவர் இல்லை. நான் நின்றுகொண்டிருந்தால் உட்காரச் சொல்வார். பியூனை விட்டு எனக்கும் காபி வரவழைப்பார். அதனாலேயே அவர் மேல் எனக்குக் கோபம் இன்னும் கூடுதல்.

"எவ்வளவு அமைதியா இருக்கு பாருங்க" என்றார். "இதுதான் நம்ம செட்டப். அதிகாரிகளுக்கு ஒண்ணாம் டோன். சூப்பர்வைசருக்கு ரெண்டும் நாலும். லேபருக்கு நாலு மட்டும். அவங்க சானல் தனி."

"சானல் ஒண்ணுதான் சார். காதுதான் தனி."

"என்னது?"

"அவங்க பேசறது இந்த அறைக்கு வந்துக்கிட்டுதான் இருக்கு. உங்க செட்டு திறக்கறதில்ல. நாளைக்கு நான் இங்க மாட்டப்போற புது செட்டுல டோனை எடுத்துட்டா எல்லாம் கேக்கும்."

"ஐயோ, வேணாம்மா. ஆரம்பத்துல அப்படித்தான் இருந்தது. ஒரே பாட்டு, சிரிப்பு. பெரிய அதிகாரி ஒருத்தர் வந்து உட்கார்ந்திருக்கார், ஸ்பீக்கர்ல ஒருத்தன் பிரியாணிங்கறான். இன்னொருத்தன் சுண்டல்ங்கறான். சீரியஸ்னெஸே கிடையாது. அவர்தான் சொன்னார், லேபர் சத்தம் இங்க வேணாம், சூப்பர்வைசர் கேட்டுச் சொன்னாப் போதும்னு."

காபி டம்ளர் கையில் சுட்டது. நான் அதை விடவில்லை. பிரியாணி. அந்த ஒரு வார்த்தைக்காகக் காதை அடைத்திருக்கிறார்கள். தங்கள் பேச்சு வெட்டுப்படாமல் போய்ச் சேர வேண்டும் என்று அவர்கள் போட்ட தீனி, இங்கே கோமாளித்தனமாகக் கேட்டிருக்கிறது.

"அன்னிக்கு சூப்பர்வைசர் எங்க சார் இருந்தார்?"

"எந்த அன்னிக்கு?" என்றவர் புரிந்துகொண்டார். "மேல ஏறி வந்துட்டார். சாப்பாட்டு நேரம். ஆனா நான் சொன்னேன்மா. கேட் திறக்கறதுக்கு முன்னாடி, இதே மைக்ல, என் வாயால கூப்பிட்டேன். திரும்பத் திரும்பச் சொன்னேன். வரல. பதில்கூடப் பேசல. அப்படி என்ன அலட்சியம்? இன்னிக்கும் அதை நினைச்சா எனக்குத் தூக்கம் வராது." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இப்ப யார் மேலயும் பழி வராத மாதிரி கேட்டை ஆட்டோமேட்டிக் பண்ணிட்டாங்க. ஏரி நிரம்பினா தானா திறக்கும். நாளைக்குப் புது செட்டை மாட்டிட்டு, ரிலே பெட்டி எல்லாத்தையும் காலி பண்ணிடுங்க. பழைய குப்பை எதுவும் வேணாம்."

அந்தக் குப்பையில் என் மாமா இருக்கிறார் என்று சொல்லவில்லை. அறைக்கு வெளியே வந்து, புது செட்டை மடியில் வைத்து, டோன் என்ற இடத்தில் ஒன்றை அழித்தேன். காலியாக விட்டேன். கீழே இறங்குகிறவர்களின் செட்டுகளை ஏற்கனவே சீல் வைத்துக் கொடுத்தாயிற்று. என் கையில் இருந்தது இந்த ஒன்றுதான்.

மறுநாள் காலையில் எத்திராஜ் பெரிப்பாவும், பம்புக்காரர் உட்பட இன்னும் இரண்டு பேரும் இறங்கினார்கள். குழியின் வாயில் வெயில்தான் அடித்தது. ஆனால் நான் புது செட்டோடு அறைக்குள் போனபோது, ஏரிப் பக்கம் பேய்மழை என்றார் சபேசன் சார். சுவர்த்திரையில் கேட்டுக்கு மஞ்சள் நிறம் வந்திருந்தது. திறக்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

அவர் பழைய செட்டின் மைக்கைப் பிடித்துக்கொண்டிருந்தார். "கீழ இருக்கிறவங்க எல்லாரும் உடனே மேல வாங்க. கேட் திறக்குது. மேல வாங்க."

பதில் இல்லை.

"சூப்பர்வைசர் எங்க சார்?"

"மேலதான். வண்டி வரவழைக்கப் போயிருக்கார். போன் எடுக்கல. பரவால்ல, நான் சொல்லிட்டேன், ஏறிக்கிட்டிருப்பாங்க."

"சார், அவங்களுக்குக் கேட்டிருக்காது."

"இப்ப உங்க எதிர்லதானேம்மா சொன்னேன்."

"நீங்க ஒண்ணாம் டோன்ல சொன்னீங்க. அவங்க செட்டு நாலுக்குத்தான் திறக்கும். உங்க பஞ்சு உங்க காதுல மட்டும் இல்ல சார், அவங்க காதுலயும் இருக்கு. கேட்டை மூடுங்க."

"மூடினா ஏரிக்கரைக் காலனி பூரா தண்ணி ஏறும். அத்தனை வீடு, அத்தனை கார். யார் பதில் சொல்றது? அவங்க ஏறிட்டிருப்பாங்கம்மா."

வாயால் பேசி ஆகிற காரியம் இல்லை. பழைய செட்டின் வயரைப் பிடுங்கி, புதியதில் செருகினேன்.

ஸ்பீக்கர் திறந்தது. முதலில் வந்தது சபேசன் சாரின் குரல்.

"கீழ இருக்கிறவங்க எல்லாரும் உடனே மேல வாங்க. கேட் திறக்குது."

அவர் என்னைப் பார்த்தார். "இது இப்ப நான் சொன்னது."

"ஆமா. யாரும் வாங்கல. அதனாலதான் சுத்தி இங்கயே வந்துடுச்சு."

மறுபடியும் அவர் குரல். கொஞ்சம் இளமையாக, அவசரமாக. "கீழ இருக்கறவங்க மேல வாங்கப்பா. கேட் திறக்கப் போறோம். டில்லிபாபு, மத்த ரெண்டு பேரையும் கூட்டிக்கிட்டு மேல வா."

இது இன்றைக்குச் சொன்னது இல்லை. ஸ்கேனரில் நடுவில் ஒரு தடவை வந்த ஒன்று இதுதான். அவர் பொய் சொல்லவில்லை. கூப்பிட்டிருக்கிறார், பேர் சொல்லியே கூப்பிட்டிருக்கிறார். எந்த செட்டும் திறக்காமல், மூன்று வருடம் இருட்டில் சுற்றியிருக்கிறது அந்தக் குரல்.

அதன் பின்னாலேயே மாமா வந்தார்.

"கேக்குதா. கண்ட்ரோல், டில்லிபாபு பேசறேன். காலுக்குத் தண்ணி வருது. கேட்டு எதுனா தொறந்துட்டீங்களா?"

மாஸ்க்குக்குள்ளிருந்து வரும் அதே மூக்கடைத்த குரல். அடுத்தது.

"கேக்குதா. இடுப்பு வரைக்கும் வந்துடுச்சு. ஏணி எந்தப் பக்கம்னு லைட்டு போடுங்க."

"கேக்குதா. சார், நாங்க மூணு பேரு இங்க கீறோம்."

ஒவ்வொரு தடவையும் முதலில் அந்தச் சொல். அதுதான் மாமாவின் தீனி. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து, பேசத் தொடங்கும் முன்னால் அவர் கேட்டுக்கொண்டே இருந்த கேள்வி. கேட்கிறதா என்று கேட்டதுதான் யாருக்கும் கேட்கவில்லை. டோன் அதைத் தின்றுகொண்டே இருந்திருக்கிறது.

சபேசன் சார் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்திருந்தார். அப்போது ஸ்பீக்கரில் வேறு குரல்.

"ஏகவல்லி. கண்ட்ரோல், தண்ணி ஏறுது, பம்புக்காரன் கால் சேத்துல மாட்டிக்கிச்சு."

"நிறுத்துங்கம்மா" என்றார் அவர். "போதும். செத்தவங்களை எல்லாம் இப்படி..."

"இது செத்தவர் இல்ல சார். இது இப்ப."

"எல்லாம் பழசுதான். அதே தண்ணி, அதே..."

அடுத்து மாமா தொடங்கினார், "கேக்குதா" என்று. அதன் மேலேயே நான் கத்தினேன். மூன்று வருடமாகக் காத்திருந்து, ஒரே ஒரு தடவைதான் கேட்க முடியும் என்று விரலைப் பிடித்துவைத்திருந்து, கடைசியில் அந்தக் குரலின் மேலேயே கத்தினேன்.

"ஏகவல்லி அவர் பேத்தி. போன ஞாயித்துக்கெழமதான் பேரு வெச்சாங்க. மூணு வருஷத்துக்கு முன்னாடி அந்தக் குழந்தையே கிடையாது. செத்தவங்க எப்படி சார் அந்தப் பேரைச் சொல்லுவாங்க? கேட்டை மூடுங்க. இன்னும் ஒருதடவ சுத்த விடாதீங்க."

மாமா என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. கடைசி வார்த்தை மட்டும் விழுந்தது. "சார்" என்று முடிந்தது.

சபேசன் சார் எழுந்தார். கேட்டைக் கையால் மூடுவதற்கென்று கழுத்தில் தொங்கிய சாவியை எடுத்தார். துவாரத்தில் செருகினார். திருப்பினார். திரையில் மஞ்சள் நின்று, மூடிய கேட்டின் சிவப்புக்கு மெதுவாக மாறியது.

மூன்று பேரும் மேலே வந்தார்கள். பம்புக்காரருக்குக் கணுக்காலில் எலும்பு முறிவு. எத்திராஜ் பெரிப்பா சேறு வழிய வந்து என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "உழுந்துச்சா?"

"விழுந்துச்சு. உங்க பேத்தி பேரு முழுசா விழுந்துச்சு."

"டில்லி?"

ஆமென்று தலையை மட்டும் ஆட்டினேன்.

ஏரிக்கரைக் காலனியில் கார்கள் மிதந்தது எல்லா சேனலிலும் வந்தது. அனுமதியில்லாமல் செட்டை மாற்றியதற்கு எனக்கு வேலை போகும் என்று சாயங்காலத்துக்குள் தெரிந்துவிட்டது. போகட்டும். மாமாவின் குரல் அவர்கள் மெஷினில், அவர்கள் முத்திரையோடு பதிவாகிவிட்டது. அழைப்பு வரவில்லை என்று இனி ஒருத்தனும் சொல்ல முடியாது. கிளம்புவதற்கு முன், ஈரம் சொட்டிக்கொண்டிருந்த மூன்று பேர் செட்டுகளிலும், மறுநாள் இறங்குகிறவர்களுக்காக அலமாரியில் இருந்த செட்டுகளிலும் சீலை உடைத்து டோனை எடுத்தேன். இனி யார் பேசினாலும் எல்லோருக்கும் கேட்கும். பாட்டும் கேட்கும், பிரியாணியும் கேட்கும். சகித்துக்கொள்ளட்டும்.

ஸ்கேனரை எடுக்க அறைக்குத் திரும்பினேன். சபேசன் சார் தனியாக உட்கார்ந்திருந்தார். விளக்குகூடப் போடவில்லை.

"டில்லிபாபு உங்களுக்கு யாரும்மா?"

"மாமா. அம்மாவோட தம்பி."

அவர் ஸ்பீக்கர் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு, "ஒவ்வொரு தடவையும் முதல்ல என்னமோ சொன்னாரே, அது என்ன?"

"கேக்குதான்னு கேட்டார் சார்."

அவர் மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்தேன். கேட்டிருந்தால் கொடுத்திருக்க மாட்டேன். அது அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். பழைய செட்டைத் தன் பக்கம் இழுத்தார். நான் புது செட்டில் மாட்டியிருந்த வயரைப் பிடுங்கி அவரே அதில் செருகினார். மைக்கின் பட்டனை அமுக்கினார்.

"கேக்குது" என்றார். "கேக்குது டில்லிபாபு."

புது செட் வயரில்லாமல் மேஜையில் ஊமையாகக் கிடந்தது. அனுப்பின செட் தன் குரலைத் தானே வாங்காது. கீழே யாரும் இல்லை. என் கையில் இருந்த ஸ்கேனரில் பச்சை விளக்கு மின்னியது. திரையில் ஒன்று. அணைந்தது. சுற்றி வந்து மறுபடி ஒன்று.

என் கட்டைவிரல் பட்டனுக்குப் பக்கத்திலேயே இருந்தது. நான் அதைத் திறக்கவில்லை, அழிக்கவுமில்லை. ஸ்கேனரை அணைத்துப் பைக்குள் போட்டேன்.

சுற்றட்டும். நாளைக்கு இறங்குகிறவர்கள் யாராவது ஒருவரின் இடுப்பில் தொங்கும் செட்டில் அது விழும்.